ஜீரோ போடாமல் 112

அலுவலக எக்ஸ்டென்ஷனில் 112 அழுத்தினால் எங்கே மணி அடிக்கும்? பல இடங்களில் கணக்குப் பிரிவு மேசையில். எக்ஸ்டென்ஷன்களை 101-இலிருந்து வரிசையாகக் கொடுத்துக்கொண்டே போவது பிபிஎக்ஸ் பொருத்தும் நம் தொழிலில் ஊறிய பழக்கம். தீயணைப்புக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108, ஒருங்கிணைந்த அவசர உதவிக்கு 112 என மூன்றும் அந்த வரிசைக்குள் மாட்டிக்கொள்கின்றன. வெளி லைனுக்கு ஜீரோ போட வேண்டும் என்பது ஊழியருக்குத் தெரியும். விடுதி விருந்தினருக்கும் நேற்று வேலையில் சேர்ந்த காவலாளிக்கும் யார் சொன்னது?

அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்து மார்ஷல் ஊரில், 2013 டிசம்பரில், விடுதி அறையொன்றில் காரி என்ற பெண் குத்திக் கொல்லப்பட்டார். கூட இருந்த 9 வயது மகள் 911-ஐ நான்கு முறை அழுத்தினாள். அந்த விடுதியில் வெளி லைனுக்கு முதலில் 9 போட வேண்டும். குழந்தைக்கு அது தெரியாது. ஓர் அழைப்பும் போய்ச் சேரவில்லை. இறந்தவரின் தந்தை விடாமல் போராட, 2018-இல் 'காரி சட்டம்' வந்தது. 2020 பிப்ரவரி 16-க்குப் பிறகு அங்கே பொருத்தப்படும் பிபிஎக்ஸ் அமைப்புகளில் முன் எண் இல்லாமலே 911 போக வேண்டும். போன அழைப்பைப் பற்றி வரவேற்பு மேசைக்கோ பாதுகாப்பு அறைக்கோ தகவலும் போக வேண்டும்.

இந்த இரண்டாவது விதிதான் நம் கவனத்துக்கு உரியது. பிஆர்ஐ, எஸ்ஐபி ட்ரங்க் வழியே போகும் அழைப்பில் பெரும்பாலும் நிறுவனத்தின் பொது எண்தான் மறுமுனையில் தெரியும். எந்த மாடி, எந்த அறை என்று அவசர உதவிக் கட்டுப்பாட்டு அறைக்குத் தெரியாது. அவர்கள் திரும்பக் கூப்பிட்டால், "இங்கிருந்து யாரும் பேசலையே சார்" என்று ஆபரேட்டர் வைத்துவிடுவார். அழைத்த எக்ஸ்டென்ஷன் எண் அவர் திரையில் வந்துவிட்டால், ஆம்புலன்ஸ் வாசலுக்கு வருமுன் லிஃப்ட்டைப் பிடித்துவைக்கலாம். கோவைக் கிளையின் அழைப்பு சென்னை ட்ரங்க் வழியே போகிற நிறுவனங்களில் குழப்பம் இன்னும் அதிகம். கிளைக்கு ஓர் உள்ளூர் லைனையாவது அவசர எண்களுக்கென்று விட்டுவைக்கச் சொல்லுங்கள்.

புது இடமானால் எக்ஸ்டென்ஷன்களை 2-இலோ 3-இலோ தொடங்குவதில் செலவே இல்லை. பழைய இடத்தில் "விசிட்டிங் கார்டு அடிச்சாச்சே" என்பார்கள். 100, 101, 108, 112 நான்கையாவது காலிசெய்து நேரே ட்ரங்குக்குத் திருப்பிவிடுங்கள். ஜீரோ போட்டே பழகியவர் பதற்றத்திலும் அப்படித்தான் போடுவார் என்பதால் 0112-உம் போக வேண்டும். 1120 மாதிரி நான்கு இலக்க எண்கள் இருந்தால், அடுத்த இலக்கத்துக்காக எக்ஸ்சேஞ்ச் காத்து நிற்கும், அவற்றையும் எடுத்துவிடுங்கள். வெளி அழைப்பைப் பூட்டிவைத்த நடைபாதை போன், வாட்ச்மேன் போன் இரண்டிலும் இந்த எண்களுக்கு மட்டும் பூட்டு கூடாது. ஐபி போன்களுக்கு மின்சாரம் தரும் ஸ்விட்ச் யுபிஎஸ்ஸில் இருக்கிறதா என்பதையும் அதே நடையில் பார்த்துவிடலாம்.

கால் ஃபார்வர்டு, கான்ஃபரன்ஸ், கால் பார்க் எல்லாவற்றையும் வாடிக்கையாளர் கேட்டு வாங்குவார். அவசர எண் வசதியைக் கேட்கமாட்டார். ஆகவே கொட்டேஷனிலேயே நாம் ஒரு வரி சேர்த்துவிட வேண்டும், ஒப்படைக்கும் நாளில் சோதித்தும் காட்ட வேண்டும். சோதனைக்கு முன் கட்டுப்பாட்டு அறையிடம் பேசி நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். எடுத்தவுடன் முதல் வார்த்தையே 'சோதனை அழைப்பு' என்று இருக்கட்டும்.