பிழைச்செய்தி காட்டாத பிழை

புள்ளித் தரவிலிருந்து தொடர்பரப்பை உருவாக்கும் கணக்குக்கு அடிப்படையான முறையைக் கணிதப் பாடநூல்கள் இடைச்செருகல் என்கின்றன. பழந்தமிழ் நூல்களைப் பதிப்பிப்போரும் இதே சொல்லை ஆள்கின்றனர். ஆனால் அங்கே அது ஒரு குற்றச்சாட்டு. பின்னாளில் எவரோ நுழைத்த பாடல் என்று ஐயம் எழுந்தால், நல்ல பதிப்பாசிரியர் அதைத் தனியே குறித்துக் காட்டுவார். நிலவரைபடம் வரைவோரிடம் அந்த ஒழுங்கு அரிது. அளந்த இடமும் அளக்காத இடமும் ஒரே வண்ண வரிசையில், ஒரே உறுதியோடு அச்சாகின்றன.

மேற்கு வங்கத்தின் நதியா மாவட்டக் குழாய்க் கிணறுகளில் உள்ள ஆர்சனிக் அளவை வரைபடமாக்க முயலும் ஓர் ஆய்வு மாணவரை எண்ணிப் பார்க்கலாம். கியூஜிஐஎஸ் மென்பொருளில் அவருக்கு நேரும் முதல் தடை, ஆர்சனிக் நிரல் தேர்வுப் பட்டியலிலேயே தெரியாதது. சில கட்டங்களில் ‘கண்டறியும் எல்லைக்குக் கீழ்’ என்று எழுதப்பட்டிருப்பதால் நிரல் முழுவதும் எண்ணாக அல்லாமல் எழுத்தாகப் பதிவாகியிருக்கும். அடுத்தது ஆயமுறை. அடுக்குக்கு ஓர் ஆயமுறையின் பெயரைச் சூட்டுவது வேறு. அடுக்கையே அந்த ஆயமுறைக்கு உருமாற்றிச் சேமிப்பது வேறு. பாகையில் உள்ள ஆயங்களுக்கு யூடிஎம் 45ஆம் வடக்கு மண்டலத்தின் பெயரை மட்டும் சூட்டினால், நதியாவின் கிணறுகள் அனைத்தும் நிலநடுக்கோட்டருகே, இந்தியப் பெருங்கடலில், ஓரிரு மீட்டர் பரப்புக்குள் குவிந்துவிடும். உருமாற்றத்தைச் சரியாகச் செய்த பிறகும், படப்புள்ளியின் அளவு 0.1 என்றே விடப்பட்டிருந்தால், மாவட்டம் முழுவதையும் பத்து சென்டிமீட்டர்க் கட்டங்களாக வெட்டச் சொன்னதாகும். கணினி திணறி நின்றுவிடும்.

இவையெல்லாம் நல்ல பிழைகள். ஆளை நிறுத்திவிடுகின்றன. கவலைக்குரியவை, இவற்றை நீக்கும் அவசரத்தில் நுழைபவை. எழுத்தாக இருந்த கட்டங்களில் 0 இட்டால் முதல் சிக்கல் நொடியில் தீர்கிறது. அதே கட்டளையில் வெற்றுக் கட்டங்களும் 0 ஆகும்போது, எவரும் சோதிக்காத கிணறு மாவட்டத்திலேயே தூய கிணறாகிவிடுகிறது. மென்பொருள் எதிர்ப்புத் தெரிவிப்பதில்லை. பரப்பு உருவாகிறது, மாணவர் நிம்மதி அடைகிறார், நெறியாளரும் அடைகிறார்.

தலைகீழ்த் தொலைவு எடையிடல் முறையில் ஒவ்வொரு கிணற்றைச் சுற்றியும் வளையங்கள் தோன்றும்போது, அவற்றை அழகுக் குறையாகக் கருதி, அடுக்கெண்ணைக் குறைத்தும் வடிகட்டியை ஓட்டியும் மழுங்கச் செய்வது வழக்கமாகிவிட்டது. அந்த வளையங்கள் சொல்லும் செய்தி வேறு: அருகருகே உள்ள கிணறுகள் ஒன்றையொன்று ஒத்திருக்கவில்லை. மேலும், அம்முறை தருவது அண்டை அளவீடுகளின் எடையிட்ட சராசரி. அளந்தவற்றுள் மிகப் பெரிய மதிப்பைவிடப் பெரிய மதிப்பு அதில் எங்குமே வராது. மாதிரி எடுப்பில் தவறிய நச்சுக் கிணற்றை அது ஒருபோதும் காட்டிக்கொடுக்காது.

கிரிகிங் முறைக்கு மாறினால் விடுதலை என்று நம்புவோர் உண்டு. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்காக டேனி கிரிக் 1951இல் முன்வைத்த சிந்தனையிலிருந்து வளர்ந்த அந்த முறை, ஒரே ஆயத்தில் இரு மதிப்புகள் இருந்தால் அணிக்கணக்கில் முறியக்கூடும். ஒரே முற்றத்தில் 30 மீட்டர் ஆழக் கிணறும் 200 மீட்டர் ஆழக் கிணறும் இருக்கும்போது இது நேர்கிறது. இரண்டின் சராசரியை இட்டால் கணக்கு ஓடும். ஆனால் வங்கப் படுகையில் நச்சு பெரும்பாலும் மேலடுக்கு மணலில்தான் உள்ளது; ஆழ்நீர் பெரும்பாலும் தப்பியிருக்கிறது. அந்தச் சராசரி எந்தக் குழாயிலும் வராத நீரின் அளவு. வேரியோகிராம் தொடக்கத்திலேயே உயர்ந்து தட்டையாகக் கிடந்தால், அதுவும் ‘பொருந்தவில்லை’ என்று ஒதுக்கத்தக்க தொல்லை அன்று. இந்த இடைவெளியில் எடுத்த மாதிரிகளிலிருந்து அண்டைக் கிணற்றை ஊகிக்க இயலாது என்ற முடிவு அதில் இருக்கலாம்.

டாக்காவுக்குக் கிழக்கே ஆராய்ஹாஸாரில் 25 சதுர கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ 6000 கிணறுகளைச் சோதித்து 2003இல் வெளியான ஆய்வு இதற்குத் தெளிவான சான்று. அங்கே நச்சுக் கிணறும் நல்ல கிணறும் அடுத்தடுத்து இருந்தன. பெரும்பாலான மக்களுக்கு நூறு மீட்டர் தொலைவுக்குள்ளேயே பாதுகாப்பான கிணறு ஒன்று இருந்தது. மழமழப்பான ஒரு பரப்பு இவ்விரண்டையும் ஒருங்கே மறைத்துவிடும்: பச்சை வட்டாரத்தில் வாழும் குடும்பத்துக்குத் தன் குழாயின் ஆபத்து தெரியாது, சிவப்பு வட்டாரத்துக் குடும்பத்துக்கு அடுத்த வீட்டின் நல்ல நீர் தெரியாது.

திட்டமிடுவோர்க்குத் தொடர்பரப்பு தேவை என்ற வாதத்தில் நியாயம் உண்டு. எந்த வட்டாரத்தில் சோதனையை முதலில் தொடங்குவது என்று தீர்மானிக்க, லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்ற வரம்பைத் தாண்டும் நிகழ்தகவைக் காட்டும் படம் மெய்யாகவே உதவும். ஆனால் அதன் அருகில் கிரிகிங் தரும் மாறுபாட்டுப் படமும், ஒவ்வொரு கிணற்றையும் விலக்கிவிட்டு ஊகித்துப் பார்த்த பிழைகளும், ஆழவாரியாகப் பிரித்த கிணற்றுப் புள்ளிகளும் இடம்பெற வேண்டும். இவை இல்லாத படத்தைத் தேர்வாளர்கள் திருப்பி அனுப்பலாம். வாய்மொழித் தேர்வில் மென்பொருளின் பதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன், வெற்றுக் கட்டங்கள் என்னவாயின என்று கேட்கலாம்.

வங்கதேசத்தில் சோதனைக்குப் பிறகு குழாய்களின் வாயிலேயே சிவப்பும் பச்சையும் பூசினார்கள். அந்த வரைபடத்தில் இடைச்செருகல் இல்லை. சோதிக்காத குழாய்க்கு வண்ணமும் இல்லை.