கிடைத்த விடையை எழுதி வைப்போம்

போன மாதம் ஒரு இரவு. இங்கே பிஸ்கட்டவேயில் மணி பதினொன்று. கோவையில் காலை எட்டரை. எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி போன் செய்தார். "அண்ணா, போஸ்ட்மேன்ல சரியா ஓடுது. பிரவுசர்ல மட்டும் எரர் அடிக்குது. மதியம் டெமோ இருக்கு."

வெப் டெவலப்மென்ட் செய்பவர்களுக்கு உடனே புரிந்திருக்கும், இது 'கார்ஸ்' எரர். ஒரு தளத்தின் பக்கம் வேறொரு முகவரியில் இருக்கும் சர்வரிடம் தகவல் கேட்டால், "இந்தத் தளத்துக்குக் கொடுக்கலாம்" என்று அந்த சர்வர் தன் பதிலின் ஹெடரில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பிரவுசர் அந்தப் பதிலைப் பக்கத்தின் கண்ணில் காட்டாது. போஸ்ட்மேன் பிரவுசர் இல்லை. அதனால் அங்கே இந்தக் காவலும் இல்லை.

அரை மணி நேரத்தில் "சரியாயிடுச்சுண்ணா" என்று மெசேஜ் வந்தது. ஏஐ கருவியிடம் கேட்டு நான்கு வரி சேர்த்திருந்தார். தூக்கக் கலக்கத்தில் நானும் மேலோட்டமாகப் பார்த்து 'அப்ரூவ்' அழுத்திவிட்டேன். இரண்டு நாள் கழித்து, லைவுக்குப் போகும் முன் நடந்த பாதுகாப்புச் சோதனையில் மாட்டியது. எந்தத் தளம் வந்து கேட்டாலும் அதன் பெயரையே திருப்பி எழுதி, லாகின் குக்கீயோடு அனுமதி கொடுக்கும் கோட் அது. எங்கள் குக்கீ அமைந்திருந்த விதத்துக்கு, வாடிக்கையாளர் ஒருவர் ஏதோ ஒரு மோசடிப் பக்கத்தைத் திறந்தாலே போதும். அவருடைய விவரங்களை அந்தப் பக்கம் படித்துவிடும்.

தம்பியை மட்டும் குறை சொல்ல முடியாது. அப்ரூவ் செய்தவன் நான்.

இதில் எனக்கு உறுத்துவது ஒன்றுதான். இதே எரரில் பத்து வருடத்துக்கு முன்பு, சென்னை ஓ.எம்.ஆரில் என் முதல் வேலையில், நானும் மாட்டியிருக்கிறேன். அன்று ஏஐ கிடையாது. ஜெஃப் அட்வுட்டும் ஜோயல் ஸ்போல்ஸ்கியும் 2008-ல் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோதான் எங்களுக்குக் குலதெய்வம். யாரோ ஒருவர் ஏறக்குறைய இதே நான்கு வரியைப் பதிலாகக் கொடுத்திருந்தார். காப்பி செய்யப் போனேன். அதற்குக் கீழேயே இன்னொருவர், "இப்படிப் போட்டால் கதவைத் திறந்து வைத்த மாதிரி, செய்யாதே" என்ற அர்த்தத்தில் சண்டைக்கு வந்திருந்தார். நான் பாடம் கற்றது அந்தச் சண்டையில்.

பொதுவில் கிடைக்கும் விடைக்கும் தனியாகக் கிடைக்கும் விடைக்கும் வித்தியாசம் இதுதான். நாலு பேர் பார்க்கும் இடத்தில் தப்பாகச் சொன்னால் ஐந்தாவது ஆள் மறுப்பார். ஏஐயின் சாட் பெட்டிக்குள் அந்த ஐந்தாவது ஆள் இல்லை.

பழைய காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் நான் கேட்ட முதல் கேள்விக்கு மைனஸ் ஓட்டு விழுந்தது. "ஏற்கெனவே கேட்டது" என்று பூட்டியும் விட்டார்கள். என் ஆங்கிலத்தை நினைத்துக் கூசி ஒரு வருடம் அங்கே வாயே திறக்கவில்லை. புதியவர்களை வரவேற்கும் இடமாகத் தங்கள் தளம் இல்லை என்று 2018-ல் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஏஐ திட்டாது, நடுராத்திரியிலும் தங்கிலீஷில் கேட்டாலும் பதில் சொல்லும். நானும் தினமும் பயன்படுத்துகிறேன். அந்தத் தளத்தின் 2025 கருத்துக்கணிப்பில் 84 சதவீதம் பேர் ஏஐயைப் பயன்படுத்துவதாகவோ பயன்படுத்தப் போவதாகவோ சொன்னார்கள். அதன் பதில்களின் துல்லியத்தை நம்புகிறோம் என்றவர்கள் 33 சதவீதம். நம்பவில்லை என்றவர்கள் 46 சதவீதம்.

ஏஐ இவ்வளவு கற்றதே முகம் தெரியாதவர்கள் சம்பளமில்லாமல் எழுதி வைத்த பதில்களிலிருந்தும்தான். 2024-ல் அந்தத் தளம் ஓப்பன்ஏஐயோடு ஒப்பந்தம் போட்டபோது, கோபத்தில் சிலர் தங்கள் பழைய பதில்களையே அழிக்கப் பார்த்தார்கள். அவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஊர்க் கிணற்றைத் தூர்த்தால் தாகத்தில் தவிப்பது அடுத்து வருகிறவர்தான். இன்று நாம் எல்லோரும் தனித்தனியாகக் கேட்டுவிட்டு, விடை கிடைத்ததும் எழுந்து போய்விடுகிறோம். நாளைய புதுச் சிக்கலுக்கு எங்கே பதிவு இருக்கும்?

நம்மைத் தவிர வேறு யாரும் எழுத வாய்ப்பில்லாத சிக்கல்களும் உண்டு. 'தமிழ்' என்பது நமக்கு மூன்று எழுத்து. ஜாவாஸ்கிரிப்டில் அதன் நீளம் ஐந்து. நான்கோடு வெட்டினால் புள்ளி விழுந்து 'தமிழ' என்று நிற்கும். இதற்கு 'இன்டல் செக்மென்டர்' என்ற வசதி ஜாவாஸ்கிரிப்டிலேயே இருக்கிறது. அது தெரியாமல் தலைப்பை வெட்டிக் குதறும் தமிழ்த் தளங்கள் எத்தனை! ஸ்டாக் ஓவர்ஃப்ளோ போர்ச்சுகீசியம், ஸ்பானிஷ், ரஷ்யன், ஜப்பானிய மொழிகளில் உண்டு, தமிழில் இல்லை. 2012-லிருந்து 'கணியம்' இதழ் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதி வருகிறது. ஐடி துறையில் இத்தனை தமிழர்கள் இருந்தும் அதைப் போல நாலு இடம் இல்லையே.

பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். கேட்கும் முன் சிக்கலைப் பத்து வரிக்குச் சுருக்குங்கள். எரர் செய்தியை அப்படியே கொடுங்கள். என்ன முயன்றீர்கள் என்று சொல்லுங்கள். சுருக்கும்போதே பாதி சிக்கல் அவிழ்ந்துவிடும். ஏஐ சொன்னால், "இதில் என்ன ஆபத்து?" என்று இன்னொரு கேள்வி கேளுங்கள். விடை கிடைத்தபின் "சரியாயிடுச்சு" என்று மட்டும் போட்டுவிட்டு ஓடாதீர்கள். எப்படிச் சரியானது என்று நாலு வரி எழுதுங்கள். சீனியர்களே, "இதுகூடத் தெரியாதா" என்ற வார்த்தையை விட்டுவிடுங்கள்.

அந்த கார்ஸ் கதையை, நிறுவன விவரங்கள் எதுவும் இல்லாமல், தம்பியும் நானும் சேர்ந்து தமிழில் எழுதிப் பொதுவில் போட்டோம். மூன்றாம் நாள் முன்பின் தெரியாத ஒருவர் வந்து, எங்கள் விளக்கத்தில் ஒரு தப்பு இருப்பதைக் காட்டினார். தம்பி அதை இப்போது திருத்திக்கொண்டிருக்கிறார்.