குதிரை லத்தியும் சைஸின் கண்ணும்

மழை தொடங்கி முளா, முட்டா நதிகளில் புதுவெள்ளம் புரளும் காலத்தில், பம்பாய் மகாலக்ஷ்மியிலிருந்து பந்தயக் குதிரைகள் மலைத்தொடரைக் கடந்து புணேக்கு வந்து சேர்வதும், எம்பிரஸ் தோட்டத்தை அடுத்த பழைய மைதானத்தில் ஜூலையில் தொடங்கி மழை ஓயும் வரையில் ஓட்டங்கள் நடைபெறுவதும் நெடுங்கால வழக்கம். அக்குதிரைகளின் வம்சாவளியையும், ஜாக்கிகளின் எடையையும், பந்தயத் தொகையையும் பற்றிப் பத்திரிகைகள் பத்தி பத்தியாக எழுதுகின்றன. ஆனால் பொழுது புலரும் முன்பே, சைஸ் என்று அழைக்கப்படும் குதிரைக்காரர் கூடையும் துடைப்பமுமாக லாயத்துக்குள் நுழைந்து, படுக்கைப் புல்லின்மேல் இரவெல்லாம் விழுந்து கிடக்கும் லத்தியை நோட்டமிட்டு, அளவு குறைந்திருந்தால் புருவத்தைச் சுருக்கி, ஓர் உருண்டையைக் காலால் உடைத்துப் பார்த்து, அன்று அந்தக் குதிரை ஓடத் தக்கதா என்பதற்கு முதல் தீர்ப்பை வழங்குகிறாரே, அதைக் குறித்து ஒரு வரியும் எழுதக் காணோம். விஷயம் அருவருப்பானது என்று ஒதுக்கிவிட்டார்கள் போலும். அந்தத் தீர்ப்பே லாயத்து வைத்தியத்தின் ஆதி அங்கம் என்பதும், அதை வழங்குகிறவருக்கு உரிய ஸ்தானத்தை நாம் இன்னும் அளிக்கவில்லை என்பதும் என் அபிப்பிராயம்.

குதிரையின் சரீர அமைப்பை அறிந்தால் இது மிகையன்று என்பது விளங்கும். அவ்வளவு பெரிய பிராணிக்கு இரைப்பை மிகச் சிறியது. எட்டு முதல் பதினைந்து லிட்டர்தான் கொள்ளும். மாட்டைப் போல அசை போடவும் அதனால் இயலாது, நம்மைப் போல ஒவ்வாததை வாந்தி எடுக்கவும் இயலாது. உள்ளே சென்றது எதுவாயினும் கடைசி வரை போயே தீர வேண்டும். புல்லின் நாரைக் கரைத்துச் சத்தாக்கும் வேலை பெரும்பாலும் குடலின் பிற்பகுதியில், கோடானுகோடி நுண்ணுயிர்களின் உதவியால் நடைபெறுகிறது. அந்தப் பெருங்குடலோ ஓரிடத்தில் சட்டென்று வளைந்து குறுகுவதால், ஈரம் குறைந்த தீவனம் அங்கே அடைத்துக்கொள்வது எளிது. இரண்டு மூன்று நாள் நீளும் இந்த யாத்திரையில் உள்ளே என்ன நேர்ந்தது என்பதை, வாயற்ற அந்தப் பிராணி நமக்குத் தெரிவிக்கும் வழிகளில் தலையாயது அதன் லத்தி.

ஐந்நூறு கிலோ எடையுள்ள குதிரை நாளொன்றுக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை லத்தி போடும். மொத்தம் ஏறக்குறைய இருபது கிலோ தேறும். உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டியும் ஒட்டாமலும் விழுந்து, தரையில் பட்டதும் சில உடைய வேண்டும். மேலே இலேசான மினுமினுப்பும் உள்ளே ஈரமும் இருக்க வேண்டும். நாற்றம் இருக்கலாம், ஆனால் குமட்டக் கூடாது. உருண்டைகள் சிறுத்துக் கெட்டிப்பட்டு, விழுந்தும் உடையாமல், மேலே சளி போன்ற படலம் போர்த்தியிருந்தால், குடலின் ஓட்டம் மந்தப்பட்டிருக்கிறது, தண்ணீர் போதவில்லை, சூலை நோய் வாசலில் நிற்கிறது என்று பொருள். மாட்டுச் சாணியைப் போலப் பரவி விழுந்து, அது ஒரு நாளைக்கு மேல் நீடித்தாலும் கவலைக்கு இடமுண்டு. தானியம் முழுதாக வெளிவந்தால் வயிற்றைவிடப் பல்லைச் சந்தேகிப்பதே முறை. தார் போலக் கறுத்திருந்தாலோ சிவந்த இரத்தம் தென்பட்டாலோ யோசிக்க நேரமில்லை. இவை எல்லாவற்றையும்விடக் கொடிது ஒன்றுமே விழாமல் இருப்பது: படுக்கை சுத்தமாக இருக்கிறதே என்று மகிழ்கிறவர் குதிரைக்காரர் அல்லர். மணல் கலந்த தரையில் தீவனம் தின்னும் குதிரையாயின், லத்தியைக் கொஞ்சம் வாளித் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டால், அடியில் படியும் மணல் மறைந்திருந்த ஆபத்தை வெளியே காட்டிவிடும்.

இவ்வளவையும் ஒரு பட்டியலாக அச்சிட்டுச் சுவரில் ஒட்டிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. பச்சைக் குதிரைமசால் தின்றதன் லத்தி பசுமையாகவும் நெகிழ்ந்தும் இருக்கும், உலர்ந்த புல் தின்றதோ பழுப்பாகவும் இறுகியும் இருக்கும், இரண்டுமே ஆரோக்கியம்தான். போர்காட் மலைப் பாதையில் வண்டியில் குலுங்கி வந்த குதிரை, பயத்தினால் இரண்டொரு முறை இளக்கமாகப் போடுவது இயல்பு. பிறந்து இரண்டாம் வாரத்தில் குட்டிக்கு வரும் பேதி பெரும்பாலும் தானே நின்றுவிடும். குட்டி தாயின் லத்தியைத் தின்பதைக் கண்டு பதறுகிறவர்களுக்கு, அதன் மூலமாகவே குட்டி தன் குடலுக்கு வேண்டிய நுண்ணுயிர்களைச் சேகரித்துக்கொள்கிறது என்பது தெரியாது. ஆகவே எல்லாக் குதிரைக்கும் பொதுவான நிறமோ பதமோ கிடையாது. ஒரு குதிரையின் இன்றைய லத்தியை அதே குதிரையின் நேற்றைய லத்தியோடுதான் ஒப்பிட வேண்டும். அந்த நேற்றை அறிந்தவர் யார்? மாதத்துக்கு ஒருமுறை காரில் வந்திறங்கும் உரிமையாளர் அல்லர். அழைத்தால் வரும் மிருக வைத்தியரும் அல்லர்.

இந்த அறிவு இல்லாத நாட்டில் குதிரைகளுக்கு என்ன நேர்ந்தது என்பதற்குச் சான்று நம் தென்பாண்டிச் சீமையிலேயே உண்டு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு வந்த மார்க்கோ போலோ, அரபு நாட்டிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் கப்பலேற்றி வந்த குதிரைகளை அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கியதையும், ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சாததையும், பேணத் தெரிந்தவர்கள் இல்லாமையையும், சோற்றோடு மாமிசத்தை வேகவைத்து அவற்றுக்குக் கொடுத்ததையும் எழுதி வைத்திருக்கிறார். எண்ணிக்கையில் யாத்திரிகரின் மிகை இருக்கலாம். காரணத்தில் பெரும்பிழை இராது. அளவுக்கு மீறிய மாவுச்சத்து பிற்குடலுக்குள் இறங்கினால் அங்கே புளித்து, நுண்ணுயிர்கள் மடிந்து, லத்தி புளிப்பு நெடியோடு நீர்த்துப்போவதும், தொடர்ந்து குளம்புகள் வெந்தாற்போல நோவதும் இன்று தெளிந்த உண்மை. நகுலன் விராட நகரில் கிரந்திகன் என்னும் பெயரோடு குதிரை லாயத்தில் பணியாற்றியதைக் கதையாகக் கேட்டு வளர்ந்த நாட்டில், அவன் பெயரால் வழங்கும் அசுவ சாஸ்திரத்தைத் தஞ்சைச் சரஸ்வதி மகால் வர்ணச் சித்திரங்களோடு போற்றிக் காத்து வந்த நாட்டில், சாஸ்திரம் சுவடியிலேயே தங்கிவிட்டது வருந்தத்தக்கது.

புணேக்கு இதில் தனிப் பாத்தியதை உண்டு. பூனாவாலா குடும்பத்தினர் 1946இல் தொடங்கிய குதிரைப் பண்ணையில், ஓடி ஓய்ந்த குதிரைகளை ஊநீர் (சீரம்) மருந்து தயாரிப்பதற்காக ஹாஃப்கின் நிலையத்துக்குக் கொடுத்து வந்ததிலிருந்துதான் 1966இல் சீரம் நிறுவனமே பிறந்தது. ஹாஃப்கின் நிறுவனத்தின் குதிரைகள் பிம்ப்ரியில் இன்றும் பாம்புக்கடி மருந்துக்காகத் தம் இரத்தத்தைத் தந்து வருகின்றன. மாமல்லபுரத்துக்கு அருகே இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் கறந்தெடுக்கும் பாம்பு நஞ்சு இந்தியாவெங்கும் உள்ள மருந்து நிறுவனங்களுக்குச் சென்று, இத்தகைய குதிரைகளின் உடலில் சிறிது சிறிதாக ஏற்றப்படுகிறது. விரியன் தீண்டிய தஞ்சை விவசாயியின் உயிர், எங்கோ ஒரு லாயத்துக் குதிரையின் நல்ல ஜீரணத்தைச் சார்ந்திருக்கிறது.

பந்தயக் குதிரைக்கும் ஊநீர்க் குதிரைக்குமாவது வைத்தியர் இருக்கிறார். இந்நகரத்துக் கல்யாண ஊர்வலங்களில் ஜரிகையும் மணியும் பூட்டி, மேளத்துக்கும் வெடிக்கும் நடுவே மாப்பிள்ளையைச் சுமந்து நிற்கும் குதிரையை யார் பார்க்கிறார்கள்? அன்பு மிகுதியால் ஆளுக்கொரு ஜிலேபியை அதன் வாயில் திணிக்கிறவர்கள், பாண்டிய நாட்டார் சோறூட்டிய அதே பிழையைச் செய்கிறார்கள். மறுநாள் காலை அதன் பலனைக் காண்கிறவர் அதை வளர்க்கும் ஏழை ஒருவரே. அவருடைய சொல்லுக்கு எங்கும் மதிப்பில்லை.

பெரிய லாயங்களில் ஒவ்வொரு குதிரையின் கதவருகிலும் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கட்டும். இரவில் விழுந்த லத்தி, குடித்த தண்ணீர், தொட்டியில் மீந்த தீவனம் ஆகியவற்றைச் சைஸே தம் பாஷையில், எழுத வராவிட்டால் கோடு போட்டாவது பதியட்டும். 'இன்று இதை ஓட்ட வேண்டாம்' என்று அவர் சொன்னால், வைத்தியர் வந்து பார்க்கும் வரை ஓட்டுவதில்லை என்பது விதியாகட்டும். கல்யாணக் குதிரைகளைப் பொறுத்தவரை மாநகராட்சி செய்யக்கூடியது வேறு. குடற்புழுவின் முட்டைகள் எந்தச் சைஸின் கண்ணுக்கும் தெரியமாட்டா. ஒரு கிராம் லத்தியில் எத்தனை முட்டை என்று நுண்ணோக்கிக் கருவியின் கீழ் எண்ணித்தான் அறிய முடியும். எண்ணாமல் கண்ணை மூடிக்கொண்டு எல்லாக் குதிரைக்கும் மருந்து புகட்டி வந்ததனால், உலகெங்கும் புழுக்கள் மருந்துக்கு அடங்காதவையாகி வருகின்றன. சிர்வளில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அதிக தூரமும் இல்லை. மழைக்கு முன் ஒருமுறையும் கல்யாணப் பருவத்துக்கு முன் ஒருமுறையும் ஒவ்வொரு குதிரையின் லத்தியையும் அங்கே சோதிப்பதற்கு மாநகராட்சியே பொறுப்பேற்கலாம். ஒன்றை மட்டும் குதிரைக்காரர்களுக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: புதிதாக விழுந்ததை, காற்றுப் புகாத பையில் கட்டி, குளிர்ச்சி கெடாமல் அன்றே சேர்க்க வேண்டும், வெயிலில் கிடந்ததை மறுநாள் அள்ளிச் சென்றால் முட்டைகள் பொரிந்துபோய்க் கணக்குத் தவறிவிடும்.