பையனுக்குக் கவனம் இல்லையாம்

"காலனிப் பசங்களுக்கு மனசு ஒரு இடத்துல நிக்காதுங்க. நாங்க என்ன பண்றது?" மூன்றாம் வகுப்பு ஆசிரியர் ஒருவர் எங்களிடம் சொன்னது இது. அவர் சொன்ன பையன் கடைசி வரிசையில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தான்.

அவன் அம்மாவிடம் பேசினோம். "மழைக்காலம் வந்தா காதுல சீழ் வடியும் தம்பி. எண்ணெய் ஊத்துவோம், நின்னுடும்." அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். இரண்டு காதிலும் செவிப்பறை ஓட்டை. கேட்காத பிள்ளை எதைக் கவனிப்பான்? மூன்று வருடமாகப் பள்ளியில் யாரும் இதைக் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை, அவர்களிடம் பதில் தயாராக இருந்தது. சாதிதான் அந்தப் பதில்.

தோழர்களே, மாலைப் படிப்பகங்களில் நம்மிடம் வரும் பிள்ளைகளை நாமும் "மந்தம்" என்று சொல்லிவிடுகிறோம். அதற்கு முன் காதைப் பாருங்கள், கண்ணைப் பாருங்கள். இரவு எத்தனை மணிக்குத் தூங்கினான், காலையில் சாப்பிட்டானா என்று கேளுங்கள். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019-21) தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் சுமார் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரும்புச்சத்து இல்லாத உடம்பு வகுப்பில் சோர்ந்துதான் கிடக்கும். குடற்புழுவும் அதைக் கூட்டும். பழைய பேட்டரி உடைக்கிற பட்டறைக்குப் பக்கத்தில் வீடு என்றால் ஈயத்தையும் சந்தேகப்படுங்கள், அது பிள்ளையின் மூளையைத் தாக்கும். கழிவறை கழுவ யாரை அனுப்புகிறார்கள் என்றும் விசாரியுங்கள். அடுத்த முறை தன் பெயர்தான் வரும் என்று பயந்திருக்கும் பிள்ளைக்குப் பாடம் எப்படி ஏறும்?

எல்லாம் வறுமை, சாதி என்று சொல்லி முடித்துவிடவும் கூடாது. ஏ.டி.எச்.டி. என்ற கவனக்குறைபாடு உண்மையானது, நம் பிள்ளைகளுக்கும் வரும். நகரத்தில் வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அது வந்தால் மருத்துவர், பயிற்சி, தேர்வில் கூடுதல் நேரம். நம் பிள்ளைக்கு வந்தால் பிரம்பு. ஒன்றிய அரசு 2013இல் தொடங்கிய சிறார் நலப் பரிசோதனைத் திட்டத்தின் பட்டியலில் காது கேளாமையும் இருக்கிறது, ஏ.டி.எச்.டி.யும் இருக்கிறது. வருடம் ஒருமுறை அரசுப் பள்ளிக்கு மருத்துவக் குழு வர வேண்டும். உங்கள் ஊர்ப் பள்ளிக்குக் கடைசியாக எப்போது வந்தது? தலைமையாசிரியரிடம் எழுத்தில் கேளுங்கள், வாய்வார்த்தை வேண்டாம்.

பையனை முன்வரிசைக்கு மாற்றச் சொன்னோம். "மத்த பிள்ளைங்க வீட்ல கேப்பாங்களே" என்று இழுத்தார் ஆசிரியர். அதையே எழுதித் தரச் சொன்னோம். மறுநாள் இடம் மாறியது.