உப்புக்கு எங்கே பஞ்சம்?

நாட்டில் உப்பில்லாமல் போனது. 2025 பிறந்த கையோடு இந்தியாவிலிருந்து உப்பு இறக்கினார்கள். மே மாதம் வந்தும் கடைத் தட்டு நிறையவில்லை. பருவம் தப்பிய மழை புத்தளத்து உப்பளங்களைக் கெடுத்த கதையை எல்லோரும் எழுதியாயிற்று. பாலாவிப் பக்கம் உப்புக் குவியலைப் பார்த்து வளர்ந்தவனெல்லாம் ஒரு பாக்கெட்டுக்காகக் கடை கடையாக ஏறி இறங்கியதைப் பற்றி நானும் சூடாக நாலு வார்த்தை எழுதத்தான் இருந்தேன். இடையில் கற்பிட்டியில் ஒரு லேத் பட்டறைக்குள் நுழைந்தேன். அங்கே உப்புக்குப் பஞ்சமே இல்லை.

களப்பில் தொழில் செய்யும் பொடியன் ஒருவன் தன் படகு எஞ்சினின் கீழ்க்காலைக் கழற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்திருந்தான். கழன்ற போல்ட்டை வாங்கிப் பார்த்தேன். அலுமினியத்தில் இருக்க வேண்டிய புரி சுருள் சுருளாகப் போல்ட்டைச் சுற்றியே வந்திருந்தது. இடுக்கெல்லாம் வெள்ளைப் பொடி. எஞ்சின் உடம்பு அலுமினியம், போல்ட் கறைபடா உருக்கு. இரண்டும் உப்புத் தண்ணீரில் தொட்டுக்கொண்டு கிடந்தால் சின்னதாக ஒரு பெட்டரியே அங்கே வேலை செய்யும், அரிபடுவது அலுமினியம்தான். அரித்த பொடி ஊதி போல்ட்டை இறுக்கிவிடும். பிறகு கழற்றினால் புரியையும் பிடுங்கிக்கொண்டுதான் வரும். நம் களப்போ கோடையில் சில இடங்களில் கடலைவிடக் கரிக்கும்.

“நானா, அந்தக் கம்பியால அடைச்சித் தாங்க, புதுசாப் புரி வெட்டிக்குவம்” என்றான் பொடியன்.

அவன் கேட்டது அலுமினியத்துக்கான பிரேசிங் கம்பி. சற்று முன்னர்தான் பட்டறைக்கார நானா ஓர் ஆட்டோ எஞ்சின் மூடியில் புரி போன துவாரத்துக்கு அதைப் போட்டு முடித்திருந்தார். கிட்ட நின்று பார்த்தேன். பெட்ரோலால் எண்ணெய் போகக் கழுவி, கறைபடா உருக்குத் தூரிகையால் துவாரத்தைத் தேய்த்தார். அலுமினியத்தின் மேல் எப்போதும் மெல்லிய ஒக்சைட் தோல் ஒன்று இருக்கும். அலுமினியம் 660 பாகையில் உருகும், அந்தத் தோலுக்கோ 2000 தாண்ட வேண்டும். அதைக் கிழிக்காமல் எதுவும் ஒட்டாது. கம்பி ஏறக்குறைய 390 பாகையிலேயே உருகிவிடும். சிக்கல் என்னவென்றால், இரும்பைப்போல அலுமினியம் சிவந்து காட்டாது. சும்மா இருந்துவிட்டுத் திடீரென்று இடிந்து விழும். நானா மூடியில் சன்லைட் சவர்க்காரத்தால் ஒரு கோடு இழுத்தார். கேஸ் டோர்ச்சால் அடியிலிருந்து சூடேற்றினார். கோடு பழுப்பாகிக் கறுத்ததும் கம்பியை வைத்து உரசினார். நெருப்பைக் கம்பியில் காட்டவே இல்லை, மூடியின் சூட்டிலேயே உருகித் துவாரம் நிறைந்தது. ஆறியதும் 5 மில்லிமீற்றர் துளை, 6 மில்லிமீற்றர் டேப். அவ்வளவுதான். அன்றைக்கு எனக்கு வேறு சந்தோஷம் தேவைப்படவில்லை.

ஆனால் பொடியனுக்குத் தலையை ஆட்டிவிட்டார். “தம்பி, தண்ணிக்குள்ள போற சாமானுக்கு இது சரிவராது.”

படகு எஞ்சினின் காலில் துத்தநாகக் கட்டி ஒன்று பூட்டியிருக்கும். கடல் முதலில் அதைத் தின்னட்டும், அலுமினியம் தப்பட்டும் என்ற ஏற்பாடு. அந்தக் கம்பியிலும் பெரும்பங்கு அதே துத்தநாகம்தான். அடைத்த இடமே தீனியாகிவிடும். ஸ்பார்க் பிளக் துவாரத்துக்கும் அவர் இதைத் தொடமாட்டார்; அங்குள்ள சூட்டில் கலவை தளரும். பொடியனுக்கு ஏற்றது ஹெலிகாயில்: துவாரத்தைப் பெரிதாக்கி, அதற்கென்று உள்ள டேப்பால் புரி வெட்டி, உருக்குக் கம்பிச் சுருளைத் திருகி இறக்குவது. பழைய அளவுப் போல்ட்டே அதில் ஏறும்.

அதற்கும் கிரீஸ் வேண்டும். பழைய வாசகர்கள் பெருமூச்சு விடுவது கேட்கிறது. விடுங்கள், நான் நிறுத்தப் போவதில்லை. பூட்டும்போது விரல் நுனியளவு கடல் கிரீஸ் பூசியிருந்தால் இந்தப் போல்ட் சொன்னபடி கழன்றிருக்கும். நம்மவர்களோ வறண்ட போல்ட்டைப் போட்டு, ஸ்பானரில் குழாயைச் சொருகி, தொங்கி இறுக்குகிறார்கள். அலுமினியத்தோடு மல்லுக்கட்டி யார் சம்பாதித்தது? 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340க்கு ஏறியபோது மீனவன் எதையெல்லாம் குறைத்தான் என்பது எனக்கும் தெரியும். ஆனால் கிரீஸில் மிச்சம் பிடித்த காசு லேத் கடைக்குத்தான் போகிறது.

பொடியன் ஹெலிகாயிலுக்குச் சம்மதித்தான். “கிரீஸ் எவ்வளவு பூசணும்?” என்று நானாவிடம்தான் கேட்டான். பதில் சொல்ல நான் தொடங்கியதும், நானா தேநீர் சொல்லிவிட்டு வருவதாக எழுந்து போய்விட்டார்.