செல்ஃப் எடுக்கவில்லை என்றால் யார் குற்றம்?



மலருக்குக் கட்டுரை கேட்டபோது "விஞ்ஞானத்தின் வளர்ச்சி" என்று எழுதலாம் என்றுதான் முதலில் உட்கார்ந்தேன். அதை எழுத நம் கல்லூரியில் ஆள் நிறைய உண்டு. நான் ஒரு செல்ஃப் மோட்டாரைப் பற்றி எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். கோபம் பாதி என் மேல், பாதி நம்ம லேப் மேல்.

எங்க அப்பா சின்ன லோடு வண்டி ஓட்டுகிறார். செகண்ட் ஹேண்டில் வாங்கியது, தவணை இன்னும் முடியவில்லை. அப்பா படித்தது ஐந்தாவது. அம்மா கைநாட்டு. எங்கள் சொந்தத்திலேயே பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். அதனால் வீட்டில் எனக்கு ஒரு தனி மரியாதை. ரேஷன் கார்டில் பெயர் தப்பாக இருந்தாலும் சரி, மிக்ஸி ஓடவில்லை என்றாலும் சரி, "தம்பி வரட்டும், அவன் பாத்துக்குவான்" என்பார்கள். இந்த மரியாதை எவ்வளவு பெரிய சுமை என்று என்னைப் போல முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்களுக்குத் தெரியும்.

போன ஆடி மாதம் ஒரு விடியற்காலை வண்டி செல்ஃப் எடுக்கவில்லை. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மார்க்கெட்டில் லோடு காத்திருக்கிறது. அப்பா என் முகத்தைப் பார்த்தார். "நீதான் மெக்கானிக்கல் படிக்கிறியே, என்னான்னு பாருடா." ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் சொன்னேன்: "பேட்டரி போயிடுச்சுப்பா."

தெருவில் நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்து அனுப்பினோம். சாயங்காலம் அப்பா வட்டிக்கு வாங்கி, 4,800 ரூபாய்க்குப் புது பேட்டரி போட்டுக்கொண்டு வந்தார். கடைக்காரர், "ஒருவாட்டி செக் பண்ணிடலாமா?" என்று கேட்டாராம். "வேணாங்க, எம்பையன் பாத்துட்டான், டிப்ளமோ படிக்கிறான்" என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

மறுநாள் காலை திரும்பவும் 'டக்'.

அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "புது பேட்டரியே சரியில்ல போலருக்கு" என்றார். அந்த வார்த்தை இன்னமும் உறுத்துகிறது.

எங்கள் ஏரியாவில் ஆட்டோ எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் பாயிடம் போனேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். அவர் முதலில் எதையும் கழற்றவில்லை. மீட்டரை என் கையில் கொடுத்து, பேட்டரி முனை இரண்டிலும் வைக்கச் சொல்லிவிட்டுச் சாவியைப் போட்டார். 12 வோல்ட்டுக்கு மேல் அப்படியே நின்றது. "பாத்தியா தம்பி, வோல்ட் எறங்கவே இல்ல. நல்ல செல்ஃப்னா சுத்தும்போது எறங்கணும்." அடுத்து மோட்டாருக்குள் போகும் ஸ்டட்டிலும் அதன் பாடியிலும் மீட்டரை வைத்தோம். அங்கேயும் 'டக்' சத்தத்தோடு கிட்டத்தட்ட 12. "கரண்ட் வாசல் வரைக்கும் வந்துடுச்சு, உள்ள போகல." ஸ்பேனரால் மோட்டார் உடம்பில் லேசாக ஒரு தட்டு தட்டினார். சாவி போட்டதும் எடுத்தது. "பிரஷ்" என்றார். மொத்தமே ஐந்து நிமிஷம்.

கழற்றிப் பார்த்தால் அதுதான். கார்பன் பிரஷ் நாலும் தேய்ந்து கட்டையாகி, ஸ்பிரிங் பிரஷ்ஷை அழுத்தாமல் ஹோல்டரில் போய் உட்கார்ந்திருக்கிறது. கம்யூட்டேட்டர் கறுத்துப்போயிருந்தது. பின்பக்க புஷ் முட்டை மாதிரி தேய்ந்து, ஆர்மெச்சர் கீழே இறங்கிப் போல் ஷூவில் உரசிய கோடு பளபளவென்று தெரிந்தது. "புஷ்ஷை விட்டுட்டு பிரஷ் மட்டும் போட்டா மூணு மாசத்துல திரும்ப வருவ" என்றார் பாய். வேலையை என்னையே செய்யச் சொன்னார். கம்யூட்டேட்டரை லேத்தில் லேசாகப் பிடித்துக்கொண்டு வந்து, செம்புப் பட்டைகளுக்கு நடுவில் இருக்கும் மைக்காவை ஹாக்சா பிளேடால் கொஞ்சம் கீழே இறக்கினேன். மைக்கா உயர்ந்து நின்றால் பிரஷ் துள்ளும், பொறி பறக்கும். மெருகு போட நான் எமரியை எடுத்ததும் கையில் ஒரு அடி விழுந்தது. எமரித்தூள் செம்பில் பதிந்துகொண்டு பிரஷ்ஷைத் தின்றுவிடுமாம். மெல்லிய உப்புத்தாள்தான் போட வேண்டும். புது புஷ்ஷை எண்ணெயில் ஊறவைத்து அடித்தோம். மொத்தச் செலவு 850 ரூபாய்.

இதே செல்ஃப் மோட்டார் நம் லேபிலும் இருக்கிறது. பாதியாக வெட்டி, சிவப்பும் நீலமும் பெயிண்ட் அடித்து ஸ்டாண்டில் நிற்கிறது. நான் அதைப் பார்த்துப் படம் வரைந்து ரெக்கார்டில் பத்துக்கு ஒன்பது வாங்கியவன். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய எலக்ட்ரிக் ஸ்டார்ட்டர் 1912 மாடல் காடிலாக் காரில் வந்தது என்று வைவாவில் கேட்டபோது டாண் என்று சொன்னேன். ஆனால் ஒரு செல்ஃபில் ஒரு போல்ட்டைக்கூட நான் கழற்றியதில்லை. ஓடாத மோட்டாரை எங்கள் முன்னால் யாரும் வைத்ததே இல்லை. பழுதையே பார்க்காதவன் பழுது பார்ப்பது எப்படி?

இதற்குப் பிறகுதான் லைப்ரரியில், அமெரிக்காவில் வீட்டுக் கொட்டகையிலேயே சொந்தமாகச் சிறு விமானம் கட்டுகிறவர்களைப் பற்றிப் படித்தேன். கதையில்லை, நிஜம். இவர்களுக்கென்று 1953-இலேயே விஸ்கான்சின் மாநிலத்தில் பால் போபரெஸ்னி என்பவர் ஒரு சங்கம் தொடங்கினார். ஃபோக்ஸ்வேகன் கார் எஞ்சினை மாற்றியமைத்து விமானத்தில் வைத்தவர்களும் இவர்களில் உண்டு. அவர்கள் செல்ஃபும் நம்ம செல்ஃப் மாதிரியேதான் சாகிறது. பிரஷ் தேயும், புஷ் தேயும், பெண்டிக்ஸ் அழுக்கில் ஒட்டிக்கொள்ளும். பெண்டிக்ஸில் எண்ணெய் விட்டால் தூசியைப் பிடித்துப் பசையாகும் என்பதால் நன்றாகக் கழுவிச் சிலிகான் ஸ்பிரே அடிக்கிறார்கள்.

சில விமானங்களில் எடை சமநிலைக்காகப் பேட்டரியைச் சீட்டுக்குப் பின்னால் வைப்பார்கள். செல்ஃப் முன்னால், எஞ்சினோடு. நடுவில் நீளமான கேபிள். வோல்ட் வழியிலேயே இறங்கும். உடம்பு ஃபைபர் கிளாஸ் என்றால் அது எர்த் கடத்தாது, எர்த்துக்கும் தனி கேபிள் இழுக்க வேண்டும். எஞ்சின் ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்திருப்பதால் எர்த் பட்டை தளர்ந்தாலும் இதே 'டக்'தான். நல்ல செல்ஃபைக் குற்றவாளியாக்கிக் கழற்றுவதும் அதனால் நடக்கிறது. நான் நல்ல பேட்டரியைக் குற்றவாளியாக்கிய மாதிரி.

என்னை யோசிக்க வைத்தது அந்த நாட்டுச் சட்டம். விமானத்தின் பெரும்பகுதியை, அதாவது பாதிக்கு மேல், அமெச்சூர்களாக இருப்பவர்கள் தங்கள் கையால் படிப்புக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ கட்டியிருக்க வேண்டும். அப்படிக் கட்டியவர் விண்ணப்பித்தால், அந்த ஒரு விமானத்துக்கு மட்டும் ஆண்டுச் சோதனை செய்து கையெழுத்துப் போடும் உரிமைச் சான்று கிடைக்கும். கட்டிய கைக்கு அதன் பழுதும் தெரியும் என்று சட்டமே நம்புகிறது. வானத்தில் பறக்கிற சாமானுக்கே இந்த நம்பிக்கை. நமக்கோ தரையில் கிடக்கிற மோட்டாரைத் தொட ஸ்பேனர் கிடைப்பதில்லை.

உடனே, "கண்டதையும் கழற்றச் சொல்கிறானே" என்று சண்டைக்கு வர வேண்டாம். கம்பெனியில் செய்து சான்றோடு வரும் விமானத்தில் இப்படிப்பட்ட ரிப்பேருக்கு அங்கேயும் பொதுவாக உரிமம் பெற்ற மெக்கானிக்தான் பொறுப்பேற்க வேண்டும். ஹவுசிங்கில் விரிசல் விட்டால் ஒட்டவைத்துப் பார்ப்பது முட்டாள்தனம், மாற்றத்தான் வேண்டும். புரொப்பெல்லரைச் சுற்றினால் எஞ்சின் எந்த நேரமும் பற்றிக்கொள்ளும் என்று எண்ணித்தான் பக்கத்தில் போக வேண்டும். செல்ஃப் போச்சு என்று கையால் சுழற்றப் போய் உயிர் விட்டவர்கள் உண்டு. எது ரிப்பேர், எது மாற்றம் என்று பிரித்துச் சொல்லத் தெரிவதுதானே படிப்பு? சர்வீஸ் சென்டர்களில் 'அசெம்பிளி மாத்தணும்' என்று ஒரே வார்த்தையில் முடிக்கிறார்கள். அதைச் சொல்ல மூன்று வருஷம் எதற்கு? நானே அந்த 'பேட்டரி போயிடுச்சு'வைப் படிக்காமலே சொல்லியிருப்பேன்.

நம் சார்களை நான் குறை சொல்லவில்லை. உடைந்தால் கணக்கு யார் சொல்வது என்ற கவலை அவர்களுக்கு. அதற்குத்தான் சங்கத்தில் உள்ள அண்ணன்மாரிடமும் நண்பர்களிடமும் ஒரு யோசனை வைக்கிறேன். மலர் விளம்பரப் பணத்தில் மிச்சம் இருந்தால், காயலான் கடையில் எடைக்கு வரும் பழைய செல்ஃப் ஆறு வாங்குவோம். நாலு பேருக்கு ஒன்று. அது ஏற்கெனவே செத்துப்போனது, உடைப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. என்ன பழுது என்று மீட்டர் வைத்துக் கண்டுபிடித்து எழுதட்டும். படத்துக்கு மார்க் போடுவது போல அதற்கும் போடச் சொல்லிக் கேட்போம்.

பாயிடம் பேசிவிட்டேன். சனிக்கிழமை மதியம் வந்து கழற்றிக் காட்டுகிறேன் என்று ஒப்புக்கொண்டார். காசு வேண்டாமாம், டீ மட்டும் போதுமாம். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் மெக்கானிக்கல் இறுதியாண்டு 'பி' பிரிவில், கடைசி பெஞ்சில் என்னைப் பார்க்கலாம். அப்பாவின் பழைய பேட்டரி இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது, அதையும் சோதனைக்குக் கொண்டுவருகிறேன்.