அந்தப் பத்து சதவீத நிலம் எங்கே?



தூத்துக்குடி–நெல்லைச் சாலையில் புதுக்கோட்டையைத் தாண்டிப் போகிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் மனைக்கல் ஊன்றிவிட்டார்கள். 2025 ஜூலையில் வாகைக்குளம் விமான நிலையத்தின் புதிய முனையம் திறந்தது. ஆகஸ்ட் தொடக்கத்தில் சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலை வந்துவிட்டது. தெற்கே குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளம் உருவாகிறது. நம் பிள்ளைகள் வேலை தேடிச் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போனது போதும் என்று நினைக்கிற எவருக்கும் இது நல்ல செய்திதான்.

ஆனால் வேலைக்கு வருகிற குடும்பங்களின் பிள்ளைகள் சாயங்காலம் எங்கே விளையாடுவார்கள்? பெரியவர்கள் லாரிக்கு ஒதுங்காமல் எங்கே நடப்பார்கள்? தூத்துக்குடிக்குள் ரோச் பூங்கா இருக்கிறது, முத்துநகர் கடற்கரை இருக்கிறது, தருவை மைதானம் இருக்கிறது. கோவில்பட்டிக்கு ஹாக்கி மைதானம் இருக்கிறது. அங்கிருந்து இந்திய அணிவரை போனவர்கள் உண்டு. இந்த இரண்டுக்கும் வெளியே வளர்கிற ஊர்களைப் பற்றித்தான் என் கவலை.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி, பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேல், அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கருக்கு மேல், மனை பிரித்தால் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட்டு, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். வரைபடத்தில் 'பூங்கா' என்று பச்சை அடித்திருப்பது அதைத்தான். இடத்துக்குப் போய்ப் பார்த்தால் பல ஊர்களில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. பக்கத்தில் வீடு கட்டியவர்களின் செங்கல் உடைசல் குவிந்து கிடக்கிறது. வேலி இல்லை, பலகை இல்லை. சில ஆண்டுகள் அப்படியே கிடந்தால் அது பொது இடம் என்பதே ஊருக்கு மறந்துவிடும். அதன் பிறகு அங்கே ஒரு தகரக் கொட்டகை முளைக்க எத்தனை நாள் ஆகும்?

பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய ஓர் இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்டக் கொடுத்தார்கள். அந்தப் பகுதி மக்கள் வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம்வரை நின்றார்கள். 1991-இல் வந்த முத்தப்பா வழக்கின் தீர்ப்பு அவர்களுக்கே கிடைத்தது. மருத்துவமனையும் நல்ல காரியம்தான். அதற்காகக்கூடப் பூங்காவை எடுக்கக் கூடாது என்றாகிவிட்டது. வழக்கு நடத்தியவர்கள் அங்கே குடியிருந்த சாதாரண மனிதர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் மழையை நாம் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. கோரம்பள்ளம் குளம் உடைந்தது. அந்தோணியார்புரத்தில் நெடுஞ்சாலையையே வெள்ளம் அரித்துக்கொண்டு போனது. தண்ணீர் தன் பழைய தடத்தில்தான் வந்தது. அந்தத் தடத்தில் வீடு இருந்தால் இழப்பு. விளையாட்டுத் திடல் இருந்தால் சேறு காய்ந்ததும் மறுபடி வாலிபால் வலை கட்டிவிடலாம். சிங்கப்பூர் இதைச் செய்து காட்டியிருக்கிறது. பீஷான் பூங்காவின் ஓரத்தில் கான்கிரீட் கால்வாயாக ஓடிய காலாங் ஆற்றை மீண்டும் வளைந்து நெளிந்து ஓடவிட்டு, 2012-இல் பூங்காவை மறுபடி திறந்தார்கள். மழை பெருத்தால் புல்வெளி ஆறாகிறது, வடிந்தால் பிள்ளைகள் இறங்கி விளையாடுகிறார்கள். கோரம்பள்ளம் ஓடைக்கரையிலும் குளத்தின் ஓரங்களிலும் நாம் வைக்க வேண்டிய பூங்கா இப்படிப்பட்டதுதான்.

அதில் விலை உயர்ந்த புல்தரை வேண்டாம். நம் பக்கத்து நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு; குடிக்கிற தாமிரபரணித் தண்ணீரைப் புல்லுக்கு ஊற்றுவது பாவம். பூவரசு, புங்கன், வேம்பு, வரப்போரம் பனை வைத்தால் இந்தக் காற்றையும் உப்பையும் தாங்கி நிற்கும். கபடிக்கு மணல் போதும். ஆனால் கழிப்பறையும் விளக்கும் கட்டாயம் வேண்டும். அவை இல்லாத பூங்காவுக்குப் பெண்கள் வர மாட்டார்கள். அவர்கள் வராவிட்டால் சின்னப் பிள்ளைகளும் வர மாட்டார்கள். அப்புறம் அந்த இடம் யாருக்குப் போகும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மனைப்பிரிவின் அங்கீகார வரைபடத்தை வெளியே எடுங்கள். பச்சை அடித்த இடம் எங்கே என்று பாருங்கள். தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். பதிவாகியிருந்தால் வேலியும் பலகையும் வேண்டும் என்று அடுத்த கிராம சபையில் தீர்மானம் கொண்டுவாருங்கள். பதிவாகவில்லை என்றால் அதையே முதல் கேள்வியாக வையுங்கள். வரைபட நகலையும், அந்த இடத்தின் இன்றைய நிலையைக் காட்டும் ஒரு படத்தையும் எங்களுக்கு அனுப்புங்கள். ஊர் ஊராக வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்